அட்டைத் திரைக்கும் படப்புத்தகத்துக்கும் ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் “இந்த விளையாட்டு வேண்டுமென்றால் கை தூக்குங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் முதலில் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். தோழியின் கை மேலே போனால்தான் தன் கையும் போகும். பிள்ளைகளுக்கு ஓட்டையும் உரிமைகளையும் பற்றிச் சொல்லித்தர எங்கள் குழு நடத்திய முதல் வகுப்பிலேயே இதைக் கண்டோம். மறுமுறை பழைய அட்டைப்பெட்டியை வெட்டித் திரைபோல வைத்து, அதன் மறைவில் ஓட்டுப் போடச் சொன்னோம், முடிவே மாறிவிட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1856இல் ரகசிய வாக்கெடுப்பு ஏன் சட்டமானது என்பதை விளக்க அதற்குமேல் பேச வேண்டியிருக்கவில்லை.

ஓட்டுப் போடுவது எளிதான பாடம். எந்த விளையாட்டு என்று முடிவானதும், வேகமாக ஓட முடியாத ஒரு பையனைச் சேர்க்க வேண்டாம் என்றான் ஒருவன். “அதற்கும் ஓட்டுப் போடலாமே!” என்று ஒரு குரல். ஓட்டுப்பெட்டி வேறு கையருகிலேயே இருந்தது. எதற்கு ஓட்டுப் போடலாம், எதற்குப் போடவே கூடாது என்ற பேச்சிலேயே அன்றைய பாடவேளை போய்விட்டது. பெரியவர்களே தடுமாறும் இடம்தானே இது! கடைசியில் அந்தப் பையன் ஆட்டத்தில் இருந்தான். ஆட்டத்தின் விதியைத்தான் மாற்றினார்கள்.

இந்தப் பேச்சைத் தொடர்வதற்காக ரூபி பிரிட்ஜஸின் கதையைப் படப்புத்தகமாக எழுதியிருக்கிறோம். 1960 நவம்பர் 14 அன்று, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், வெள்ளையர் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த பள்ளிக்குள் அந்த ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி காவலர்கள் புடைசூழ நடந்து போனாள். மற்ற பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அவள் ஒருத்திக்காகவே அந்த ஆண்டு பாடம் நடத்தினார். கதையைக் கேட்ட பிள்ளைகள் சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “அப்போது அவள் யாரோடு விளையாடினாள்?” என்றுதான் கேட்டார்கள்.

குழந்தைகளின் உரிமைகளைக் குழந்தைகளுக்கே தெரியப்படுத்த வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 42ஆம் பிரிவு. கையெழுத்திட்ட அரசுகள் செய்யட்டும். அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை.

புத்தகத்தின் அச்சுச் செலவுக்கும், பார்வையற்ற பிள்ளைகளுக்கான பிரெயில் பதிப்புக்கும், மடக்கக்கூடிய திரைகளுக்கும், பூட்டுள்ள பெட்டிகளுக்கும், ஆசிரியர்களின் ஒருநாள் பயிற்சிக்கும் பணம் தேவை. பணம் தர இயலாதவர்கள் தடித்த அட்டை தரலாம், படம் வரைந்து தரலாம், ஒரு நாள் வகுப்புக்கு வந்து உதவலாம். கட்சிகளிடமும் வேட்பாளர்களிடமும் நன்கொடை வாங்குவதில்லை. புத்தகத்தில் யார் பெயரையும் உபயதாரராக அச்சிடுவதும் இல்லை. அந்த ஆசையில் கேட்பவர்கள் மன்னிக்கவும்.

தொகை எவ்வளவு சிறியதானாலும் பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவுசெலவுக் கணக்கை வகுப்புச் சுவரில், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
குழுவினர்