மரத்துப்போன காலுக்கு

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. வடசேரிச் சந்தைக்குப் பழையபடி தனியாக நடந்து போக வேண்டும் என்கிறாய். போகலாம். ஆனால் அதற்கு முன்னால் குளியலறையைச் சரிபண்ணு.

பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பாதம் தரையில் எப்படிப் பதிந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு சர்க்கரையால் மங்கிவிட்டால், அந்த வேலையைக் கண்தான் பார்க்கும். அதனால்தான் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் உடம்பு ஆடுகிறது. கால்களில் ரப்பர் புஷ் உள்ள நாற்காலியில் உட்கார்ந்தே குளி. கைப்பிடிக் கம்பியைச் சுவரில் துளை போட்டு மாட்டச் சொல். துண்டு போடும் கம்பி ஆள் கனம் தாங்காது, கையோடு வந்துவிடும். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார். ராத்திரி கட்டிலிலிருந்து கழிப்பறை வரை சின்ன விளக்கு எரியட்டும். எழுந்த உடனே நிற்காதே, ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் இரு.

இனிப் பயிற்சி. அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்லத் தூக்கி இறக்கு, 10 தடவை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார். 5 தடவையில் தொடங்கினால் போதும். பிறகு சுவர் மூலையில் முதுகு காட்டி நின்று, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மற்றதை வைத்து 10 வினாடி நில். ஆட்டம் காணும், காணட்டும். கொஞ்சம் தடுமாறித் திருத்தினால்தான் உடம்பு பழகும். நடை 5 நிமிடம், நாளைக்கு 3 தடவை, வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டு. நரம்பு பழையபடி ஆகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தசை பலமும் தடுமாறாமல் நிற்கும் திறனும் கூடும், அதுவே உன்னைச் சந்தை வரை கொண்டுபோகும்.

பாதத்தில் சிவப்போ கொப்புளமோ கண்டால் அன்று நடை கிடையாது. புண் இருந்தால் டாக்டர் சொல்லும்வரை காலை ஊன்றாதே. வலி தெரியாததால் நீ மிதித்துக்கொண்டே இருப்பாய், அது ஆழமாகும். தினமும் ராத்திரி கண்ணாடியைத் தரையில் வைத்து அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் பார். கண் மங்கலென்றால் மைனியைப் பார்க்கச் சொல். தேங்காயெண்ணெய் குதிகாலுக்கு மட்டும். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். கால் ஆணியை பிளேடால் சீவும் பழக்கத்தை விட்டுவிடு.

ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம், கழன்று போனாலும் உனக்குத் தெரியாது. பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) வாங்கு. கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் அளவு பார். மாட்டுமுன் உள்ளே கையை விட்டுத் தடவு, ஒரு சரல் கல் போதும் புண்ணாக்க. சுசீந்திரம் கோயிலுக்கு விடியற்காலையில் போ. வெயில் ஏறிய கல் சுட்டாலும் உன் கால் சொல்லாது.

நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. முற்றத்துப் பாசியைத் தேய்த்துக் கழுவச் சொல். கைத்தடியின் அடி ரப்பர் தேய்ந்தால் மாற்று. சாரத்தை (கைலியை) மடித்துக் கட்டிக்கொண்டு நட, நுனி காலில் சிக்கும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷமாகச் சாப்பிடுகிறாய் அல்லவா? அது வைட்டமின் பி12 சத்தைக் குறைக்கலாம், குறைந்தால் நரம்பு இன்னும் கெடும். அடுத்த தடவை ரத்தம் கொடுக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லிக் கேள்.

மூலையில் எத்தனை வினாடி நின்றாய் என்று எழுது.

அன்புடன்,
உன் மக்கா