உமையாளுக்கு, தேவகோட்டையிலிருந்து

அன்புள்ள உமையாள்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் இவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே மழைக்கு முன்னால் முகப்பு ஓடு மாற்றியாகிவிட்டது. பங்காளிகள் எல்லோரும் பங்குக் காசு கொடுத்தார்கள், அதுவே அதிசயம். இரண்டாம் கட்டு இன்னும் ஒழுகுகிறது. அது அடுத்த வருடக் கதை.

மார்புக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டாயா என்று நான் கேட்டதற்கு மட்டும் ஒரே வரியில் பதில் எழுதியிருக்கிறாய்: "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்." அதனால்தானடி கேட்டேன். வலி வந்த பிறகு போவது வைத்தியத்துக்கு. இந்தப் பரிசோதனைகள் நன்றாக இருக்கிறவர்களுக்கானவை. நம் ஆச்சிமார் மனதில் இது ஏறவே மாட்டேன் என்கிறது. அண்ணனுக்குச் சுகர் பார்க்க ஃபைலைத் தூக்கிக்கொண்டு போவது நீதானே? டாக்டர் அறை வாசல்வரை தவறாமல் போகிறோம், துணைக்கு மட்டும்.

போன மாதம் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரே வண்டியில் காரைக்குடிக்குப் போனோம். தனியாகக் கிளம்பினால் வீட்டில் ஆயிரம் கேள்வி. கூட்டமாகப் போனால் யாரும் கேட்பதில்லை. மேமோகிராமுக்கு, அதுதான் மார்பை எக்ஸ்ரே எடுக்கிற சோதனைக்கு, பவுடர் போடாமல் வாருங்கள், படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரித் தெரியும் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். பவுடர் இல்லாமல் வாசலைத் தாண்டுவது சிலருக்கு மேமோகிராமைவிடப் பெரிய சோதனையாகிவிட்டது! மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். சில விநாடிதான், அதுவும் படம் எடுத்தது ஒரு பெண்.

கர்ப்பப்பை வாய்க்கு, 30 வயது தாண்டியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கிறார்கள். வினிகரில் இருக்கிற அதே அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பொறுத்தால், சந்தேகமான இடம் வெளுத்துவிடும். என் மருமகளுக்கு அப்படித்தான் பார்த்தார்கள். மாதவிடாய் நின்ற நமக்கு அது சரிப்படாது. பார்க்க வேண்டிய இடம் உள்ளே ஏறிவிடுகிறது. ஆகவே நீ பாப் ஸ்மியர் கேள், கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்ப்பார்கள். இல்லையென்றால் எச்.பி.வி. சோதனை கேள், இந்தப் புற்றை உண்டாக்குகிற வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது அது. அந்த வைரஸ் தங்கிப் புற்றாக மாறப் பெரும்பாலும் 15, 20 வருடம் ஆகும். இவ்வளவு அவகாசம் தருகிற நோயில் இத்தனை பெண்கள் போகிறார்களே என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒன்று மட்டும் மறக்காதே: மாதவிடாய் நின்ற பிறகு சொட்டு ரத்தம் பட்டாலும் சோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போ.

உன் மகள்வழிப் பேத்திக்குப் பதினொன்று ஆகிறதல்லவா? எச்.பி.வி. தடுப்பூசி 9 வயதிலிருந்து 14-க்குள் போட்டுவிடுவது நல்லது. இப்போது நம் நாட்டிலேயே செர்வாவேக் என்று தயாரிக்கிறார்கள். மகளிடம் சொல்.

பிரஷர், சுகர் பார்க்க இங்கே வீடு தேடி வருகிறார்கள், 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. திண்ணையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் போதும். எனக்குப் பிரஷர் 140-ஐத் தொட்டு நிற்கிறது; ஊறுகாயைக் குறைக்கச் சொல்கிறாள் அந்தப் பெண். குறைக்கிறேன், கொஞ்சம்.

நீயோ அடையாற்றில் இருக்கிறாய். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த நம் புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேதான் போக வேண்டும் என்றில்லை, எங்கேயாவது போ. மருமகளுக்கும் லீவு கிடைக்கிற நாளாகப் பார்த்து இருவரும் சேர்ந்தே போய்விடுங்கள். முன்பு எப்போதாவது எடுத்த படம் பீரோவில் கிடந்தால் கொண்டு போ. புதியதை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். என்ன சொன்னார்கள் என்று எழுது. அப்புறம், கல்யாணத்துக்கு வரும்போது மாவடு கேட்டிருந்தாயே, உனக்குத் தனி ஜாடி போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
மெய்யம்மை