உதவித்தொகையை மாதா மாதம் கொடுங்கள்

ஆராய்ச்சி உதவித்தொகைப் பிரிவின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஏழு மாதமாக எங்களுக்குப் பணம் வரவில்லை என்பதும், வருகைச் சான்றைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கிறோம் என்பதும் நீங்கள் அறிந்ததே. அதனால் போன மாதம் ஓர் இரவு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கருவிழியின் உட்புறத்தில் இருக்கும் எண்டோதீலியச் செல்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கும் இவை அழிந்தால் நம் உடலில் மறுபடி பெருகுவதில்லை. ஆய்வகத்தில் வளர்த்து ஊசி வழியே கண்ணுக்குள் செலுத்தும் சிகிச்சைக்கு ஜப்பானில் 2023-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. நாங்களும் அந்தச் செல்களை வளர்க்கத்தான் பழகுகிறோம்.

தானமாக வந்த கண்ணில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 2000 செல்களாவது இருந்தால்தான் அது மாற்று அறுவைக்குப் போகும். குறைந்தால், குடும்பத்தார் சம்மதித்திருந்தால், எங்களுக்கு வரும். அன்று இரவு பத்தரைக்குக் கண் வங்கியிலிருந்து போன் வந்தது. ஒரு ஜோடி. ஓடிப்போய் வாங்கி வந்தேன். ஆனால் செல்களைப் பிரித்தெடுக்கும் கொலாஜினேஸ் என்ற நொதி தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆய்வுச் செலவுக்கான தொகையும் உங்களிடமிருந்து வரவில்லை, பழைய பில்லைக் கட்டாமல் கடையில் தர மறுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் கைப்பணம் போட்டு வாங்கிவிடுவேன். இப்போது என் அறை வாடகையையே அப்பாதான் கட்டுகிறார். பக்கத்து ஆய்வகங்களில் கேட்டேன், அங்கும் இல்லை.

கருவிழியைக் கெடாமல் வைக்கும் எம்.கே. திரவத்தில் அது நான்கு நாள்தான் தாங்கும். ஐந்தாம் நாள் காலையில், அப்புறப்படுத்தும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அதில் தானம் செய்தவர் பெயர் இருக்காது. வயது 71 என்று மட்டும் இருந்தது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்பதால், அழுகைக்கு நடுவே சரி என்று சொன்ன ஒரு குடும்பம் அது. அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

தயவுசெய்து உதவித்தொகையை மாதா மாதம் கொடுங்கள். ஆய்வுச் செலவுத் தொகையை ஆண்டுத் தொடக்கத்திலேயே அனுப்புங்கள்.

முதுநிலை ஆய்வாளருக்கு மாதம் 42,000 ரூபாய் என்று 2023 ஜனவரி முதல் உயர்த்தினீர்கள். அதற்கு நன்றி சொன்னோம். ஆனால் கைக்கு வந்தால்தானே அது பணம்? வேறு வேலை பார்க்கக் கூடாது என்ற விதியை நாங்கள் ஒரு நாளும் மீறவில்லை. மாதம் தவறாமல் தர வேண்டிய பொறுப்பை மட்டும் நீங்கள் ஏன் மறந்தீர்கள்?

அந்தச் செல்கள் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தைக் கிழியாமல் உரிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அக்கா, வீட்டுக் கடனுக்காகப் பட்டம் முடிக்கும் முன்பே ஒரு மருந்து நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கையில் இருந்த அந்தப் பக்குவம் எங்கள் ஆய்வகத்தில் இப்போது இல்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு நான்தான் சொல்லித்தர வேண்டும். நானும் போய்விட்டால்? ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவார விழாவில் ஊர்வலம் போகிறோம், கண்களைத் தாருங்கள் என்று கேட்கிறோம். அந்த இரவுக்குப் பிறகு அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வார்த்தை கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த போன் எந்த இரவில் வரும் என்று தெரியாது. அதற்குள் நிலுவையைத் தீர்த்து, இனி மாதா மாதம் உதவித்தொகை வர வழிசெய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு ஆய்வு மாணவி