அப்பத்தாவின் தலைமாட்டுச் சுவிட்ச்

அன்பு மகளுக்கு,

ரங்கூனில் எல்லோரும் நலம். சிங்கப்பூரிலிருந்து நீ அனுப்பிய ஸ்மார்ட் பல்பை அப்பத்தா அறையில் மாட்டிவிட்டேன். ஆனால் ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்திருக்கும்போது போனைத் தேடித் தட்டுவதெல்லாம் அவருக்கு ஆகிற காரியமா, கண்ணு? சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டாலோ பல்புக்கு மின்சாரமே போகாது. அப்புறம் போன் சொன்னாலும் அது கேட்காது. அதனால் தலைமாட்டில் வைக்க நானே ஒரு சுவிட்ச் செய்தேன்.

டிவி ரிப்பேர் பார்த்த கைக்குச் சாலிடரிங் புதிதில்லை. வைஃபை உள்ள சின்ன சர்க்யூட் போர்டான இஎஸ்பி 8266 ஒன்று, பழைய காலிங் பெல் பொத்தான், ஒரு சோப்பு டப்பா. பொத்தானில் இருப்பது 3.3 வோல்ட்தான், ஈரக்கையோடு தொட்டாலும் பயமில்லை. அழுத்தினால் வைஃபை வழியே ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்குச் சேதி போகும், அது பல்பை ஏற்றும்.

முதல் நாள் ஒரு தடவை அழுத்தினால் விளக்கு எரிந்து உடனே அணைந்தது. உள்ளே தகடு ஒட்டும்போது சில மில்லி செகண்டு துள்ளுகிறது. போர்டு அதைப் பல தடவை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது. முதல் தொடுகைக்குப் பிறகு 50 மில்லி செகண்டு எதையும் கண்டுகொள்ளாதபடி புரோகிராமை மாற்றினேன், சரியாகிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் மனசை அறுக்கிறது. இங்கே கரண்ட் முறைவைத்துத்தானே வருகிறது. நடுராத்திரி கரண்ட் வந்து தூக்கம் கெடக்கூடாதென்று, பல்பு தானாக எரியாதபடி அமைத்திருந்தேன். அன்றைக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் அப்பத்தா பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார். கரண்ட் வந்தது, விளக்கு வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே நடந்து போயிருக்கிறார். என்னை எழுப்பவும் இல்லை.

தப்பு என்னுடையது. பொத்தானைப் போர்டின் டி3 என்ற இணைப்புக் காலில் இணைத்திருந்தேன். பொத்தானை அழுத்தினால் அந்தக் கால் கிரவுண்டோடு சேரும். மின்சாரம் வரும் நொடியில் அப்படிச் சேர்ந்திருந்தால், போர்டு வேலையைத் தொடங்காமல் புது புரோகிராமுக்குக் காத்து நின்றுவிடும். இப்போது டி5க்கு மாற்றிவிட்டேன். போர்டு, ரவுட்டர், ராஸ்பெரி பை, அந்த ஒரு பல்பு, நாலும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கின்றன.

இருட்டில் விரலுக்குத் தட்டுப்பட, பொத்தான்மேல் பாதிப் புளியங்கொட்டையை ஒட்டியிருக்கிறேன். படுக்குமுன் அப்பத்தா அதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை காளியம்மன் கோவிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "பேத்தி அனுப்பின விளக்கு" என்று சொல்கிறார்.

வரும்போது இன்னொரு போர்டு வாங்கி வா. கழிப்பறை வாசலிலும் ஒன்று வைக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா