டுவார்ஃபுக்குச் சம்மட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பகடை உருட்டிப் பாத்திரமாக நடித்து ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 2024 பதிப்பில், டுவார்ஃப் (குள்ளர்), ஓர்க், நோம், எல்ஃப் போன்ற கற்பனை இனங்களைக் குறிக்க 'ரேஸ்' போய் 'ஸ்பீஷீஸ்' வந்தது வெறும் பெயர் மாற்றம் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொன்னது. சொல்லோடு கணக்கும் மாறியிருக்கிறது.

2016-இல் வந்த 'வோலோஸ் கைடு' துணைநூலில் ஓர்க்குக்கு அறிவில் 2 குறைச்சல். 2014 அடிப்படை நூலில் நோமுக்கோ 2 கூடுதல். பாத்திரம் உருவாக்கும்போது கிடைக்கும் புள்ளியைச் செலவழித்து இருவரும் அறிவை 15-க்கு வாங்கினாலும் ஓர்க் மந்திரவாதி 13-க்கு இறங்குவார், நோம் 17-க்கு ஏறிவிடுவார். அந்த அறிவுக்காகப் பகடையோடு கூட்டுவது ஓர்க்குக்கு 1, நோமுக்கு 3. இருபது முகப் பகடையில் அந்த 2 வித்தியாசம், நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. ஓர்க் மந்தபுத்தி என்று கதையில் ஒரு வரிகூட எழுத வேண்டாம், கணக்கே அதைச் சொல்லிவிடும். 2020-இல்தான் அந்தக் குறைச்சலை எடுத்தார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் 2014 பதிப்பின் டுவார்ஃபிடம் இருக்கிறது. 60 அடி வரை இருட்டில் கண் தெரியும், விஷம் தாங்கும்: இவை உடம்போடு பிறந்தவை, சரி. கோடரி, சம்மட்டி பழகிய கையும் கொல்லன் பட்டறைக் கருவியும் கூடவா பிறக்கும்? அவை வளர்த்தவர்கள் கொடுத்தவை. ஆம்பூரில் வளர்ந்த டுவார்ஃப் என்றால் தோல் வேலைக் கருவி, குடியாத்தம் என்றால் நெசவுக் கருவி. ஆயுதப் பயிற்சியை விட்டுக் கருவிப் பயிற்சி எடுத்துக்கொள்ள 2020-இல் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன்' துணைநூலே இடம் தருகிறது. ஆட்டம் நடத்துகிறவர்களே, மாற்று எதுவும் தராமல் அந்தப் பயிற்சியை வெட்டிவிடாதீர்கள். அந்த ஆட்டக்காரர் மற்றவர்களைவிட இளைத்துப்போவார்.

2024-இல் திறன் கூடுதல் இனத்தை விட்டு, பாத்திரம் முன்பு செய்த தொழிலைச் சொல்லும் 'பின்னணி' என்ற பகுதிக்குப் போய்விட்டது. அங்கேயும் ஒரு முடிச்சு. படைவீரர் பின்னணி எடுத்தால் வலிமை, லாகவம், உடலுறுதி மூன்றில்தான் கூட்டலாம். பட்டாளத்தில் இருந்துவிட்டு மந்திரம் கற்கப் போனவருக்கு அறிவில் ஒன்றும் கிடையாது. பிறப்பில் இருந்த பூட்டைத் தொழிலுக்கு மாட்டியிருக்கிறார்கள். பிறப்பும் தொழிலும் எப்படிப் பிணைந்தன என்பதை நம்மூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆட்ட நடத்துநர் புதுப் பின்னணி கட்டிக்கொள்ளலாம்: மூன்று திறன், ஒரு தொடக்கச் சிறப்பு (தனித் திறமை), இரண்டு பயிற்சி, ஒரு கருவி. பஜார் தரகர் என்றால் அறிவு, விவேகம், வசீகரம். பயிற்சி இரண்டும் ஆள் மனசைப் படிப்பதும் பேசி மசிய வைப்பதும்.

தமிழில் இதை எழுதுகிறவர்களுக்கு ஒன்று. 'குலம்' என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் இரண்டு எழுதினால் படிக்கிறவருக்குச் சாதிதான் ஞாபகம் வரும். 'இனம்' ஓரளவு தேவலை. இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் 2019 பதிப்பு 'ஆன்செஸ்ட்ரி' என்கிறது. அதற்கு 'மரபு' பொருந்தும். அங்கும் டுவார்ஃப் 10 உயிர்ப்புள்ளியோடும் (அடி தாங்கும் அளவு) எல்ஃப் 6-ஓடும்தான் தொடங்குவார்கள், ஆனால் பின்னணி தனிக் கட்டத்தில் இருக்கிறது.

மொழியை இனத்தோடு கட்டாதீர்கள். வேலூர் லாங்கு பஜாரில் வெங்காய மூட்டைக்கு விலை கேட்கிறவர் 'எவ்ளோ பாய்' என்று தமிழில் கேட்பார். கடைக்காரர் பையனிடம் உருதுவில் சொல்லி மூட்டையை இறக்கச் சொல்வார். பக்கத்தில் நிற்பவர் தெலுங்கில் பேரம் பேசுவார். உங்கள் ஆட்ட உலக வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு மூன்று மொழி எழுதி, பாத்திரம் எந்த ஊரில் வளர்ந்ததோ அங்கிருந்து எடுத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்