விளிம்பைக் கவனி, முரளி

அன்புள்ள முரளி,

நலம். நீயும் நலம்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் நேரே பல்சக்கரத்துக்குள் இறங்கிவிட்டாய். போகட்டும், நம் நண்பன் நெட்டையனைப் போல வானிலையிலிருந்து தொடங்காமல் விட்டாயே.

நீ எழுதியது இதுதானே: 100 மைக்ரான் விட்டமுள்ள பாலிசிலிக்கான் (சில்லின்மேல் படலமாகப் படிய வைக்கும் சிலிக்கான்) சக்கரம், அச்சுக்கும் துளைக்கும் நடுவே அரை மைக்ரான் இடைவெளி, சாதாரணக் காற்றில் சுழல வேண்டும். அதற்கு உராய்வைக் குறைக்கும் உயவுப் பொருளாக மாலிப்டினம் டைசல்ஃபைடு பூசப் போகிறாய். ஒற்றை அடுக்காகவே கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டையும் மறுக்கிறேன். உன் சாதனம் மூடிய வெற்றிடத்தில் ஓடுவதாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

எண்ணெய் ஏன் ஆகாது என்பது உனக்கே தெரியும். அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் எடை ஆயிரத்தில் ஒன்றாகிறது, பரப்போ நூற்றில் ஒன்றுதான் ஆகிறது. அந்த அளவில் எடை ஒரு பொருட்டே இல்லை, பரப்பில் நடப்பதுதான் எல்லாம். ஒரு துளி திரவத்தின் நுண்புழை இழுப்பே சக்கரத்தை அச்சோடு ஒட்டவைத்துவிடும். ஆகவே திட உயவுதான் வழி. எந்தத் திடப்பொருள் என்பதில்தான் சண்டை.

பென்சில் ஏன் வழுக்குகிறது என்று வாதாடினோமே, அந்தப் பென்சில் வழக்கில் நீ சொன்ன தீர்ப்பு நினைவிருக்கிறதா? கிராஃபைட் வழுக்குவது அதன் குணம், காற்றுக்கு அதில் வேலையில்லை என்றாய். வாத்தியார் அன்றைக்குச் சிரித்ததோடு விட்டுவிட்டார். இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் உயரப் பறந்தபோது மின்பொறிகளின் கார்பன் பிரஷ்கள் (சுழலும் பாகத்தோடு உரசி மின்சாரம் கடத்தும் கிராஃபைட் துண்டுகள்) சில மணி நேரத்திலேயே பொடியாய் உதிர்ந்தன. உயரத்தில் நீராவி இல்லை. கிராஃபைட்டின் உடைந்த விளிம்புகளை மூடி அமைதிப்படுத்த எதுவும் இல்லாமல் போனதால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. மாலிப்டினம் டைசல்ஃபைடு இதற்கு நேர் எதிர். வெற்றிடத்தில் உராய்வுக் குணகம் 0.05க்கும் கீழே போகும். ஈரக் காற்றில் 0.1, 0.2 என்று ஏறும். விளிம்பில் நீர் ஒட்டும், ஆக்சிஜனேற்றம் தொடங்கும், படலத்தின் ஆயுளும் சுருங்கும். இரண்டும் தாள் தாளாக அடுக்கிய பொருள்கள், இரண்டு கதையிலும் குற்றவாளி தாளின் தட்டை முகம் இல்லை, விளிம்பு. இந்தக் கடிதம் முழுக்க நான் சொல்லப்போவது அதைத்தான்.

உனக்கு நான் சொல்வது டால்க். மாக்கல்லில் இருக்கும் அதே கனிமம். சிரிக்காதே. மெக்னீசியம் அடுக்கை இரண்டு சிலிக்கா அடுக்குகள் அணைத்த தாள். ஒரு தாளின் தடிமன் ஏறத்தாழ 0.94 நானோமீட்டர். தாளுக்கு மின்சுமை இல்லை, ஆகவே தாள்களுக்கு நடுவே இருப்பது வான் டெர் வால்ஸ் விசை என்ற பலவீனமான ஈர்ப்பு மட்டும்தான். அப்பிரகத்தோடு (மைக்கா) ஒப்பிட்டுப் பார். அங்கே தாளுக்கு எதிர்மின்சுமை உண்டு, நடுவே பொட்டாசியம் அயனிகள் பூட்டுப் போட்டு வைத்திருக்கின்றன. பிளந்த அப்பிரக முகம் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். டால்க்கின் தட்டை முகம் நீரை விரும்பாது. ஈரக் காற்றில் ஓடும் சாதனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? சூட்டைத் தாங்குவதிலும் டால்க்குக்கே முதலிடம். சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை ஹைட்ராக்சிலை (படிகத்தில் பிணைந்த OH தொகுதியை) இழக்காமல் நிற்கும். மாலிப்டினம் டைசல்ஃபைடு காற்றில் 400 டிகிரியைச் சுற்றியே ஆக்சைடாக மாறத் தொடங்கிவிடும்.

அடுத்து உன் ஒற்றை அடுக்கு ஆசை. 2010இல் கிராஃபீன் (கிராஃபைட்டின் மெல்லிய தாள்), மாலிப்டினம் டைசல்ஃபைடு, நையோபியம் டைசெலினைடு, போரான் நைட்ரைடு நான்கையும் அணுவிசை நுண்ணோக்கியின் ஊசிமுனையால் உரசிப் பார்த்து வந்த முடிவு உனக்குத் தெரியாததல்ல. அடுக்கு குறையக் குறைய உராய்வு கூடுகிறது. தளர்வாகக் கிடக்கும் ஒற்றைத் தாள், நகரும் முனைக்கு முன்னால் தரைவிரிப்பு போல மடிந்து எழும்புகிறது. முனை அந்த மடிப்பைத் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. நான்கைந்து அடுக்கு சேர்ந்தால் தாள் விறைத்துக்கொள்ளும், தடித்த படிகத்தின் உராய்வுக்கு வந்துவிடும். கிராஃபீனை அப்பிரகத்தின்மேல் வைத்தபோது இந்தச் சிக்கலே காணவில்லை, ஏனென்றால் தாள் அடியில் இறுகப் பிடித்திருந்தது. ஆகவே உனக்குத் தேவை ஐந்திலிருந்து இருபது அடுக்கு, அதாவது 5 முதல் 20 நானோமீட்டர், அடியில் நல்ல பிடிப்போடு. உன் அரை மைக்ரான் இடைவெளியில் அது ஒரு சுமையே இல்லை.

பொடியை மெல்லிய செதில்களாகப் பிரிக்க, திரவத்தில் ஒலியலை பாய்ச்சும் சோனிகேட்டரில் எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். முடிந்தவரை குறைவாக வை. எல்லாரும் தடிமனை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தாள் மெலிகிறது, ஆனால் குறுக்கேயும் நொறுங்குகிறது. ஒரு மைக்ரான் அகலச் செதில் 100 நானோமீட்டராக உடைந்தால், அதே பரப்புக்கு விளிம்பின் நீளம் பத்து மடங்காகிறது. டால்க்கின் விளிம்பில் உடைந்த சிலிக்கான், மெக்னீசியம் பிணைப்புகள் ஹைட்ராக்சிலாக நிற்கும், நீரைப் பிடிக்கும். நீரை விரும்பாத முகத்துக்காக டால்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதை முழுக்க விளிம்பாக அரைத்து வைத்தால் என்ன பயன், சொல்.

செய்முறை இப்படி வைத்துக்கொள். ஐசோபுரொப்பனால் என்ற ஆல்கஹாலில் மில்லிக்கு 5 மில்லிகிராம் பொடி. ஐஸ் நீர் சூழ்ந்த தொட்டி வகை சோனிகேட்டர் போதும், குச்சி வகை வேண்டாம். சோப்பு போன்ற சர்ஃபாக்டன்ட் எதுவும் சேர்க்காதே. பிறகு அதன் மிச்சத்தைத்தான் உரசி அளந்துகொண்டிருப்பாய். சென்ட்ரிஃபியூஜில் முதலில் 100 g விசையில் (புவியீர்ப்பைப் போல நூறு மடங்கு) பத்து நிமிடம், அடியில் தங்கும் கட்டிகளைத் தள்ளு. மேலே நிற்பதை 1500 g விசையில் அரைமணி சுற்று. இந்தத் தடவை அடியில் தங்குவதுதான் உனக்கு வேண்டியது, மேலே மிதக்கும் நுண்தூளைக் கொட்டிவிடு. எல்லாரும் அந்த மேல்நீரைத்தான் பொக்கிஷமாக எடுத்து வைப்பார்கள். விளிம்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. அளவை g விசையில் குறித்து வை, சுழற்சி எண்ணிக்கையில் அல்ல. ரோட்டர் மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பொடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. கனிமம் மண்ணிலிருந்து வருவது. டால்க்கோடு மேக்னசைட், குளோரைட், குவார்ட்ஸ், சில படிவுகளில் டிரெமோலைட்டும் வரும். டிரெமோலைட் இழை வடிவில் இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ். பொடியைக் கையாளுமுன் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் (டிஃப்ராக்ஷன்) படம் எடு, ஒவ்வொரு கனிமமும் தனக்கே உரிய கோணங்களில் முகடு காட்டும். செப்புக் கதிரில் டால்க் 9.4, 19, 28.6 டிகிரியில் வரும். 10.5 பக்கம் சின்னதாக ஒரு முகடு தெரிந்தாலும் அந்தப் பொடியைத் தொடாதே. படம் சுத்தமாக இருப்பது மட்டும் போதாது, சிறிய அளவு அதில் தெரியாமலும் போகும். சான்றிதழ் உள்ள பொடியை வாங்கு, எப்போதும் ஈரமாகவே கையாளு. 26.6இல் முகடு வந்தால் குவார்ட்ஸ். கடினத்தன்மையைச் சொல்லும் மோஸ் அளவில் டால்க் 1, குவார்ட்ஸ் 7. சிலிக்கானைக் கீறிவிடும், உயவுப் பொருள் என்று நீ போட்டதே அரமாகும். மேக்னசைட் பிரச்சினையில்லை, சூடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் போய்விடும்.

சக்கரத்தின் துளைக்குள் செதிலைக் கொண்டுசேர்ப்பதுதான் உண்மையில் கஷ்டம். ஸ்பட்டரிங் (வெற்றிடத்தில் அணுக்களைத் தெறிக்கவைத்துப் பூசும் முறை) நேர்கோட்டில் வருவது, மேல்முகத்தை மூடும், உரசும் பக்கச்சுவரைத் தொடாது. திரவத்தில் முக்கு. ஆனால் வெளியே எடுத்துக் காய வைக்காதே, நுண்புழை இழுப்பில் எல்லாம் ஒட்டிப்போகும். சக்கரத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் ஆக்சைடை ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் நீக்கிய பிறகு ஈரம் போகாமலே நீரிலிருந்து ஐசோபுரொப்பனாலுக்கு, அங்கிருந்து செதில் கலவைக்கு, மறுபடி சுத்த ஐசோபுரொப்பனாலுக்கு, கடைசியில் கார்பன் டை ஆக்சைடு மாறுநிலை உலர்த்தலுக்கு. 31 டிகிரி, 7.4 மெகாபாஸ்கலைத் தாண்டினால் திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவே பரப்பே இல்லை, இழுக்க ஆளில்லை. பிறகு ஆர்கானில் 250 டிகிரியில் சூடாக்கு. அடியில் சிக்கிய திரவம் போய்ப் பிடிப்பு வரும். ஏற்கெனவே ஃபுளூரின் வகை ஒட்டா படலம் போட்ட சில்லு என்றால் செதில் சரியாகப் பிடிக்காது, ஆகவே பூசாத சில்லை எடு.

பிடிப்பை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா 1991 ஏப்ரலில் குடை போல விரியாமல் நின்றது. லாரிப் பயணங்களின் அதிர்வில் அதன் ஊசிகளின் உலர் உயவுப் படலம் தேய்ந்துபோனதே காரணம் என்று முடிவு கட்டினார்கள். நல்ல பொருள்தான், ஆனால் தேவைப்பட்ட நாளில் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை.

அளப்பதில் இரண்டே சொல்கிறேன். தடிமனைச் சிலிக்கானிலிருந்து செதிலுக்கு ஏறும் படியில் அளக்காதே, அடியில் சிக்கிய நீர் அளவைக் கூட்டிக் காட்டும். செதிலின் மேலேயே ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு அள. ஒளி நுண்ணோக்கியில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம், டால்க்கின் ஒளிவிலகல் எண் சிலிக்காவுக்கு அருகில் இருப்பதால் மெல்லிய செதில் தெரியவே தெரியாது. இரண்டாவது, உராய்வை ஒரே சுமையில் அளந்து வகுத்து எண் சொல்லாதே. நானோநியூட்டன் அளவில் சுமை பூச்சியமானாலும் ஒட்டுவிசையால் உராய்வு மிச்சமிருக்கும். சுமையை ஏற்றி இறக்கிச் சரிவை எடு, பிரித்தெடுக்கும் விசையைத் தனியே எழுது. உன் சக்கரம் நிற்பதும் ஓடுவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது எண்ணால்தான். உலர் நைட்ரஜனில் மட்டும் அளந்துவிட்டு முடிவு அனுப்பினால் நான் திறந்துகூடப் பார்க்க மாட்டேன். ஈரப்பதம் 10, 40, 70 சதவீதம் மூன்றிலும் வேண்டும்.

வாத்தியாருக்கு என் வணக்கத்தைச் சொல். டால்க் என்றதும் அவர் ஆட்சேபிப்பார். விளிம்பு வாதத்தை முதலில் வை, பொருளின் பெயரைப் பிறகு சொல்.

அன்புடன்,
சேகர்

பி.கு.: குளோரைட்டை மறந்துவிட்டேன். 6.2 டிகிரியில் முகடு இருக்கிறதா பார். அதன் தாள்களுக்கு நடுவே ஹைட்ராக்சைடு அடுக்கு ஒன்று பிணைத்து நிற்கும், டால்க் மாதிரி பிரியாது. அமிலக் கழுவலை நம்பாதே, வேறு பொடி வாங்கு. பொடி வந்ததும் படத்தை எனக்கு அனுப்பு, சோனிகேட்டரில் போடுவதற்கு முன்னால்.