மணல் முற்றத்தைக் கல்லால் மூடத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரிலும் அதனை அண்டிய எழுவான்கரை (வாவியின் கிழக்குக் கரை) ஊர்களிலும் புது வீடு கட்டுவோரும் பழைய வீட்டைத் திருத்துவோரும் வளவை அழகுபடுத்தப் புறப்பட்டால், நின்ற மரங்களைத் தறித்து மணல் முற்றம் முழுவதற்கும் இன்டர்லொக் கல் பதிப்பதே முதல் வேலையாகிவிட்டது. ஓரத்தில் நான்கு பூச்சாடிகளும் ஒரு துண்டு மலேசியன் புல்லும் வைத்துவிட்டால் தோட்டம் ஆயிற்று என்று எண்ணுகிறார்கள். வேலை முடிந்து வந்து மனம் ஆறி இருக்க ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்கள் கூறும் காரணம். அந்த விருப்பத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால், பிற்பகல் மூன்று மணிக்கு அந்த முற்றங்களில் எவரும் உட்கார்ந்திருக்கக் காணோம் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நமது பகுதியில் ஆண்டின் நடுமாதங்களில் வீசும் கச்சான், மலைநாட்டைக் கடந்து இறங்கும்போது ஈரம் இழந்து அனலாக வந்து சேரும் காற்று. அக்காலத்தில் பகல் முழுவதும் வெயில் குடித்த கல்லும் சீமெந்து மதிலும் இரவு நெடுநேரம் வரை அந்த வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கின்றன. மரமோ நிழல் தருவதோடு நில்லாமல், வேர் உறிஞ்சிய நீரை இலை வழியே ஆவியாக்கித் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் தணிக்கிறது. ஆகவே வீட்டுக்கு மேற்குப் புறத்தில் ஒரு வேம்போ மாவோ நிற்குமானால் அதனைத் தறிக்க நினைப்பவர்கள் ஒரு கச்சான் காலமாவது பொறுத்திருந்து பார்க்க வேண்டும். அம்மரத்துக்கு கிழக்கே ஒரு வாங்கோ சாய்மனைக் கதிரையோ போட்டால் போதும்; பிற்பகல் நிழல் அந்தப் பக்கம்தான் விழும். தென்னையின் கீழ் மட்டும் இருக்கை வேண்டாம். காரணத்தை நம் ஊரவருக்கு விளக்கத் தேவையில்லை.

தண்ணீரின் கணக்கு இதைவிடப் பெரியது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். பத்துப் பேர்ச்சஸ் வளவு ஏறத்தாழ 250 சதுர மீற்றர் என்பதால், மாரியில் 100 மில்லிமீற்றர் மழை விழும் ஒரு நாளில் அந்த வளவுக்கு மட்டும் சுமார் 25,000 லீற்றர் வந்து சேருகிறது. மணல் முற்றம் அதில் பெரும்பகுதியை உள்வாங்கிக் கிணற்று ஊற்றுக்குக் கொடுக்கும். கூரையும் கல்லுமாக மூடிய வளவோ அதனை வீதிக்கும் அயல் வீட்டுக்கும் தள்ளிவிடுகிறது. வீதியில் வெள்ளம் நிற்கிறது என்று மார்கழியில் முறையிடுவோரும், கிணறு வற்றிவிட்டது என்று ஆடியில் முறையிடுவோரும் பெரும்பாலும் ஒரே வீட்டுக்காரர்களாக இருப்பது வேடிக்கைதான்.

மரம் வேண்டாம் என்போர் கூறும் காரணங்களையும் தள்ளிவிட முடியாது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட தலைமுறைக்கு, வீட்டருகே நிற்கும் பெரிய மரம் நிழலாக மட்டும் தெரிவதில்லை. அந்த அச்சம் நியாயமானது. அதற்குரிய வழி, கூரைக்கு மேல் நீளும் கிளைகளைப் புரட்டாதியிலேயே, அதாவது மாரிக்கு முன்னரே, கழித்துவிடுவதும், வீட்டை ஒட்டி நெல்லி, மாதுளை, கொய்யா, எலுமிச்சை, பவளமல்லி போன்ற தாழ்ந்த மரங்களை மட்டும் நடுவதுமாகும். பாம்புக்கு அஞ்சுவோர் சுவரோரத்தில் கூரை ஓடுகளையும் பலகைகளையும் குவித்து வைப்பதைத் தவிர்த்து, நடைபாதையை வெளிச்சமாக வைத்திருந்தால் பெரும்பாலும் போதும். சருகு விழுவதைக் குற்றமாகக் கருதிக் காலையில் கூட்டிக் கொளுத்துவோருக்கு ஒன்று சொல்லலாம்: நமது மணலில் இல்லாத உரச்சத்து அந்தச் சருகில்தான் இருக்கிறது, மரத்தடியில் பரப்பிவிட்டால் ஈரமும் தங்கும், அயலாருக்குப் புகையும் இல்லை.

நுளம்பைப் பற்றி மட்டும் எவ்வித அலட்சியமும் கூடாது. குருவிகளுக்கு நீர் வைக்கும் சட்டியையும் சாடிகளின் அடித்தட்டுகளையும் வாரம் ஒரு முறை வெறுமனே கவிழ்த்துவிட்டால் போதாது; டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வரண்டும் உயிரோடிருக்கும் என்பதால், தேங்காய்ப் பொச்சினால் உரசிக் கழுவ வேண்டும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கும் நிலை வந்தது. அன்று தொட்டு வீட்டுத்தோட்டம் என்றால் கத்தரியும் வெண்டியும் என்றே பேசுகிறோம். அவையும் வேண்டும், எனினும் கறிக்கு உதவும் மரமே கண்ணுக்கும் உதவும். கறிவேப்பிலைக் கன்றின் இலைகளில் பறவை எச்சம் போலக் கிடப்பதைக் கண்டு மருந்து அடித்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. சில நாட்களில் பச்சை நிறமாகிக் கூட்டுப்புழுவாகும் வரை அதற்குச் சில இலைகளை விட்டுக்கொடுத்தால், குழந்தைகளை அலைபேசியிலிருந்து சிறிது நேரம் பிரித்தெடுக்க அதுவே போதுமானது. கோயில் திருவிழாக் கால ஒலிபெருக்கியைத் தடுக்கும் மரம் எதுவும் எனக்குத் தெரியாது. மற்றைய நாட்களின் அமைதிக்கு ஒரு நிழலும் ஒரு வாங்கும் தாராளம்.

கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி மன்றங்கள், வளவின் வெறும் நிலத்தில் ஒரு பகுதியாவது கல் பதிக்காத மண்ணாக விடப்படுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வாண்டு கல் பதிக்க முற்பணம் கொடுக்க எண்ணியிருப்போர் மாரி முடியும் வரை அதனைத் தள்ளிவைத்து, மழைநீர் வளவில் எங்கே வழிகிறது, எங்கே ஊறுகிறது என்று பார்த்த பின்னர், வாகனம் நிற்கும் இடத்துக்கும் நடைபாதைக்கும் எத்தனை கல் வேண்டும் என்று தீர்மானிக்கட்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.